அறையை விட்டுக் கடைக்கு: பயன்பாட்டுச் சோதனையை உண்மைச் சூழலில் நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

மளிகைக் கடைக்காரர்கள் மொத்த வியாபாரியிடம் சரக்குச் சொல்வதற்காக உருவாக்கப்பட்ட ஒரு கைபேசிச் செயலியைப் பயனர்களிடமே கொடுத்து, அவர்களால் எளிதாகக் கையாள முடிகிறதா என்று பார்க்கும் பயன்பாட்டுச் சோதனையை நடத்தும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு வந்தது. குளிரூட்டப்பட்ட அறை, வேகமான வைஃபை, நாங்களே வாங்கி வைத்திருந்த புதிய கைபேசி என்று எல்லாம் தயாராக இருந்தன. ஆறு கடைக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக உட்காரவைத்து, "ஐந்து கிலோ துவரம் பருப்பு ஆர்டர் செய்யுங்கள்" என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்தோம். ஆறு பேரும் செய்து முடித்தார்கள். "ரொம்ப சுலபமா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செயலி வெளிவந்த இரண்டு மாதத்துக்குள் அவர்களில் பெரும்பாலோர் பழையபடி வியாபாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சரக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

காரணம் தெரியாமல், அந்த ஆறு பேரில் ஒருவருடைய கடைக்கு ஒரு நாள் மாலை ஆறரை மணிக்குப் போய் ஓரமாக நின்றேன். அவர் கடலை எண்ணெய் அளந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். விரலில் எண்ணெய்ப் பசை மிச்சமிருந்ததால் முதல் இரண்டு தொடுதல்களைத் திரை ஏற்றுக்கொள்ளவில்லை. நான்கு சரக்குகளைப் பட்டியலில் சேர்த்துவிட்டு ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி வந்து பத்து ரூபாய்க்குச் சர்க்கரை கேட்டாள். பொட்டலம் மடித்துக் கொடுத்து, சில்லறை எண்ணிப் போட்டுவிட்டு அவர் திரும்பியபோது கைபேசி பூட்டிக்கொண்டிருந்தது. திறந்தால் செயலி முதல் பக்கத்தில் நின்றது. சேர்த்து வைத்திருந்த நான்கு சரக்குகளையும் காணவில்லை. அவர் கோபப்படவில்லை. கல்லாப் பெட்டியின் மேல் கிடந்த சிட்டையை எடுத்து, பென்சிலால் மீதியை எழுதி, வியாபாரியைக் கூப்பிட்டு ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டார்.

எங்கள் அறையில் அவர் எங்களுக்காக ஒரு வேலையைச் செய்து காட்டினார். கடையில் தன்னுடைய வேலையைப் பார்த்தார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான். சோதனை நடக்கும் இடத்தை மாற்றுவது மட்டும் போதாது. சோதனையில் உட்காரும் மனிதர் தன் தேவைக்காக, தன் பொருளோடு, தன் அவசரத்தோடு செயல்படும் நிலையை நாம் மீட்டுக் கொடுக்க வேண்டும். பயன்பாட்டுத்தன்மையை வரையறுக்கும், பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 9241-11 தரநிலை 1998-இல் வெளிவந்தபோதும் 2018-இல் திருத்தப்பட்டபோதும் இதைத்தான் வலியுறுத்தியது: குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, குறிப்பிட்ட சூழலில் ஒன்றைப் பயன்படுத்தும்போதுதான் அது பயன்படுத்த எளிதானதா என்ற கேள்விக்கே பொருள் உண்டு. சூழலைச் சொல்லாமல் "எளிதாக இருக்கிறது" என்று அறிக்கை எழுதினால், அந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது.

படி 1: பணிகளை எழுதுவதற்கு முன்பு அரை நாள் போய் நில்லுங்கள்

பெரும்பாலான குழுக்கள் சோதனைத் திட்டத்தைத் திரை வடிவமைப்பிலிருந்து தொடங்குகின்றன. எந்தப் பொத்தானைச் சோதிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற பணியைப் பிறகு இட்டுக்கட்டுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். செயலி பயன்படப்போகும் இடத்துக்குச் செயலி இல்லாமலே போய், அங்கே அந்த வேலை இப்போது எப்படி நடக்கிறது என்பதைக் குறைந்தது அரை நாள் பார்க்க வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம், மாலைக் கூட்ட நேரத்தில் இரண்டு மணி நேரம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் காலை பதினொரு மணிக் கடையும் மாலை ஏழு மணிக் கடையும் வெவ்வேறு இடங்கள்.

அங்கே நிற்கும்போது கருத்துக் கேட்காதீர்கள், நடப்பதை எழுதுங்கள். கை எதைப் பிடித்திருக்கிறது, கண் எங்கே இருக்கிறது, கைபேசி எந்த இடத்தில் வைக்கப்படுகிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை யார் குறுக்கிடுகிறார்கள், அந்தக் கைபேசி ஒருவருடையதா அல்லது அப்பா, மகன், வேலைக்கு இருக்கும் பையன் என மூவரும் எடுப்பதா என்பனவெல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

வாயில் வரும் சொற்களையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் செயலியில் அப்போது அளவைக் கிலோவில் மட்டுமே போட முடிந்தது. கடைக்காரர் "ரெண்டு சிப்பம் அரிசி, ஒரு டின் எண்ணெய், ஷாம்பு நாலு சரம்" என்றுதான் சொன்னார். செயலியில் "உளுத்தம் பருப்பு" என்று ஒரே தலைப்பு இருந்தது. அவர் உருட்டு உளுந்தையும் தோல் உளுந்தையும் வெவ்வேறு சரக்காகவே நினைத்தார். தேடும்போது ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினார்; ல, ள, ழ மூன்றுக்கும் அவர் பழக்கத்தில் ஒரே எழுத்துதான். அறையில் நாங்கள் தாளில் எழுதிக் கொடுத்த "துவரம் பருப்பு" என்ற சொல்லைப் பார்த்து அப்படியே தட்டியதால், இந்தச் சிக்கல் ஒன்றுகூட எங்கள் கண்ணில் படாமலே போயிற்று.

படி 2: எந்தச் சூழல் நடத்தையை மாற்றுகிறது என்று பிரித்தெடுங்கள்

அரை நாள் பார்த்துவிட்டு வந்தால் குறிப்பேட்டில் முப்பது நாற்பது செய்திகள் இருக்கும். அத்தனையையும் சோதனைக்குள் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இது இல்லாவிட்டால் அந்த மனிதர் வேறு விதமாக நடந்துகொள்வாரா? கடையின் ஊதுபத்தி மணம் இல்லாவிட்டாலும் அவர் அதே பொத்தானைத்தான் தொடுவார். வாடிக்கையாளரின் குறுக்கீடு இல்லாவிட்டால் அவர் வேலையை ஒரே மூச்சில் முடித்துவிடுவார்; அந்த ஒரு வேறுபாடு முடிவையே மாற்றிவிடுகிறது. ஆகவே குறுக்கீடு வேண்டும், ஊதுபத்தி வேண்டாம்.

களத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா, அறைக்குள்ளேயே சூழலை உருவாக்கலாமா என்பது இத்துறையின் பழைய வாதம். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மருத்துவமனை ஊழியர்களுக்கான ஒரு கையடக்கக் கருவியை வைத்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையைப் போலவே அமைத்த ஆய்வகத்தில் கிடைத்ததைவிடக் களத்தில் பெரிதாக எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லை என்றும், அவ்வளவு சிரமம் தேவையில்லை என்றும் சொன்னார்கள். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேறொரு குழு, வேறொரு கருவியை வைத்து 2006-இல் எதிர் முடிவுக்கு வந்தது: களத்தில் அதிகச் சிக்கல்கள் தென்பட்டன, அவற்றில் சில ஆய்வகத்தில் வெளிப்படவே இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இதுதான்: முதல் குழுவின் ஆய்வகம் நன்றாக அமைந்ததற்குக் காரணம், அந்தச் சூழலை முன்பே கூர்ந்து அறிந்து, அதில் முக்கியமானதை உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். சூழல் நமக்குத் தெரியாத நிலையில் களத்துக்குப் போகாமல் தீராது. தெரிந்த பிறகு, பாதி வேலையை அறையிலேயே செய்துகொள்ளலாம்.

நடைமுறையில் நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். மெதுவான இணையம், பழைய கைபேசி, ஒரு கை மட்டும் ஓய்வாக இருக்கும் நிலை, திட்டமிட்ட குறுக்கீடு ஆகியவற்றை அறைக்குள் கொண்டுவரலாம். வெயில், கூட்டம், பக்கத்தில் நிற்பவரின் பார்வை, சொந்தப் பணம், சொந்தக் கடன் பாக்கி ஆகியவற்றுக்கு வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

படி 3: சரியான ஆட்களை, அவர்களுக்கு வசதியான இடத்தில் சந்தியுங்கள்

சோதனைக்கு ஆள் பிடித்துத் தரும் முகவர்களிடம் சொன்னால், சோதனைகளுக்கு வந்து பழகியவர்களே பெரும்பாலும் வருவார்கள். அவர்களுக்கு எந்த இடத்தில் என்ன எதிர்பார்க்கிறோம் என்பது தெரியும். உண்மையிலேயே பரபரப்பான கடையை நடத்துபவர் இரண்டு மணி நேரம் கடையை மூடிவிட்டு நம் அலுவலகத்துக்கு வரமாட்டார். வரமுடியாதவர்தான் நமக்கு வேண்டியவர். எனவே அவருடைய இடத்துக்கு நாம் போக வேண்டும், அவருக்கு ஏற்பட்ட நேர இழப்புக்கு ஈடு கொடுக்க வேண்டும்.

எத்தனை பேர் போதும் என்ற கேள்விக்கு "ஐந்து பேர்" என்ற பதில் மந்திரம் போலச் சொல்லப்படுகிறது. அதன் அடிப்படையைத் தெரிந்துகொள்வது நல்லது. இத்துறை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் டாம் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு சராசரிச் சிக்கல் ஒரு பயனரிடம் தென்படும் வாய்ப்பு 31 விழுக்காடு என்று கொண்டால், ஐந்து பேரிடம் சோதிக்கும்போது ஏறத்தாழ 85 விழுக்காடு சிக்கல்கள் வெளியே வந்துவிடும். ஆனால் சூழலால் உண்டாகும் சிக்கல்கள் இப்படி எல்லோரிடமும் தலைகாட்டுவதில்லை. பத்தில் ஒருவருக்கு மட்டும் நேரும் சிக்கலை அதே கணக்கில் போட்டுப் பாருங்கள்: ஐந்து பேரிடம் அது ஒருமுறையேனும் தென்படும் வாய்ப்பு 41 விழுக்காடுதான்; பாதிக்கும் குறைவு. ஆகவே ஆட்களை ஒரே வகையில் எடுக்காமல், சூழலின் அடிப்படையில் பிரித்து எடுங்கள். கைபேசியைத் தனியாக வைத்திருப்பவர், குடும்பத்தோடு பகிர்ந்துகொள்பவர், கண்ணாடி போட்டால்தான் திரை தெரிகிறவர், தமிழ் மட்டும் படிப்பவர், எழுத்துக்குப் பதிலாகப் படத்தைப் பார்த்தே செயலியைக் கையாள்பவர் என ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பேரையாவது பார்க்க வேண்டும்.

படி 4: பணியை உங்கள் திரையிலிருந்து எடுக்காதீர்கள், அவருடைய தேவையிலிருந்து எடுங்கள்

மோசமான பணி எப்படி இருக்கும் என்பதற்கு நாங்கள் கொடுத்த தாளே எடுத்துக்காட்டு. பொருளின் பெயர், அளவு, "ஆர்டர்" என்ற சொல் மூன்றுமே திரையில் இருந்தவை. கடைக்காரர் செய்தது தாளில் உள்ள சொல்லைத் திரையில் உள்ள சொல்லோடு பொருத்தியது மட்டுமே.

இரண்டாம் முறை நாங்கள் போனபோது தாள் எதையும் கொண்டுபோகவில்லை. "அண்ணாச்சி, நாளைக்கு என்னென்ன சரக்கு தீரப்போகுது?" என்று மட்டும் கேட்டோம். அவர் அலமாரியை ஒருமுறை நோட்டம் விட்டு, மேல் தட்டில் மீதியிருந்த சோப்புகளை விரலால் எண்ணி, "கடுகு கொஞ்சம் இருக்கு, ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது தம்பி" என்றார். "சரிங்க, அதையெல்லாம் இதிலேயே சொல்லிப் பாருங்க, உண்மையாவே சரக்கு வரும்" என்றோம். அந்தக் கடைசி வார்த்தை எல்லாவற்றையும் மாற்றியது. விலையை அவர் இப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். போன வாரம் இதே கடுகு என்ன விலைக்கு வந்தது என்று செயலியில் தேடினார். அப்படி ஒரு வசதி அங்கே இல்லை. பாக்கி எவ்வளவு இருக்கிறது, இந்தச் சரக்கையும் கடனில் கொடுப்பார்களா என்று கேட்டார், அதுவும் இல்லை. அறையில் ஆறு பேரில் ஒருவர்கூட இந்த இரண்டையும் கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே வரப்போவது அவருடைய சரக்கும் அல்ல, போகப்போவது அவருடைய பணமும் அல்ல.

உண்மைப் பணத்தை எல்லாச் சோதனையிலும் புழங்கவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடியாத இடத்தில் குறைந்தபட்சம் உண்மைத் தரவையாவது பயன்படுத்துங்கள். பயனருடைய அனுமதியோடு அவருடைய சென்ற மாதப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிச் சோதனைக் கணக்கில் ஏற்றி வையுங்கள். "பயனர் 1", "பொருள் அ" போன்ற போலிப் பெயர்களைப் பார்த்ததும் யாருக்கும் இது விளையாட்டு என்பது புரிந்துவிடும். அதன்பின் அவர் கவனமாக இருக்கமாட்டார். உண்மைப் பட்டியலில் நூற்றைம்பது சரக்குகள் இருக்கும், சில பெயர்கள் இரண்டு வரிக்கு நீளும், சிலவற்றுக்குப் படம் இருக்காது. வடிவமைப்பு அப்போதுதான் உண்மையிலேயே சோதிக்கப்படுகிறது.

படி 5: அவருடைய கைபேசி, அவருடைய இணையம்

நீங்கள் கொண்டுபோகும் புதிய கைபேசியைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பயனருடைய கைபேசியில் நினைவகம் நிரம்பியிருக்கும், அதனால் செயலியை நிறுவுவதிலேயே முதல் சிக்கல் தொடங்கும். எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார், அதனால் பொத்தானின் பெயர் பாதியில் வெட்டுப்படும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இது நம் மொழியில் இன்னும் அதிகமாக நடக்கும். மின்கலச் சேமிப்பு முறை ஓடிக்கொண்டிருக்கும். அது பின்னணியில் இருக்கும் செயலிகளின் வேலையைக் கட்டுப்படுத்தும். எங்கள் கடைக்காரரின் நான்கு சரக்குகள் காணாமல் போனதற்கான காரணமும் இதற்கு நெருங்கியதுதான்: நினைவகம் குறைவாக இருந்த கைபேசி, திரை பூட்டியதும் எங்கள் செயலியை மூடிவிட்டது; பட்டியலை இடையிடையே சேமித்து வைக்க எங்கள் நிரலில் ஏற்பாடு இல்லை. எங்கள் புதிய கைபேசியில் இது ஒருபோதும் நடந்திருக்காது.

அறையிலேயே சோதிக்க நேர்ந்தால், சந்தையில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வந்த மலிவு விலைக் கைபேசிகளில் இரண்டை வாங்கி, அவற்றில் படங்களையும் காணொளிகளையும் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தைப் பொறுத்தவரை, குரோம் உலாவியின் உருவாக்குநர் கருவிகளிலேயே வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஃபேஸ்புக் நிறுவனம் 2015-இல் தன் ஊழியர்கள் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தை அனுபவித்துப் பார்க்க வழி செய்தது. இந்தியா போன்ற நாடுகளின் பயனர் நிலையைத் தங்கள் ஊழியர்கள் உணர வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் மெதுவான இணையத்தை விடவும் அறுந்து அறுந்து வரும் இணையம் அதிகச் சிக்கல் தரும். பணம் செலுத்தும் நடுவில் விமானப் பயன்முறையை இருபது வினாடி போட்டு எடுங்கள். உங்கள் செயலி அப்போது பயனரிடம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பணம் போய்விட்டதா போகவில்லையா என்று தெரியாமல் நிற்பதைவிடப் பெரிய பதற்றம் ஒரு கடைக்காரருக்கு வேறில்லை.

கைபேசியைப் பிடிக்கும் விதத்தையும் கட்டுப்படுத்தாதீர்கள். மேசையில் வைத்து இரு கையாலும் தொடச் சொன்னால் கட்டைவிரல் எட்டாத மூலைகள் தெரியவராது. கைபேசி வடிவமைப்பாளர் ஸ்டீவன் ஹூபர் 2013-இல் பொது இடங்களில் 1,333 பேர் கைபேசியைக் கையாண்டதைக் கவனித்து எழுதியதில், அவர்களில் திரையைத் தொட்டு இயக்கிக்கொண்டிருந்த 780 பேரில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் இயக்கினார்கள்.

படி 6: குறுக்கீட்டைத் திட்டமிட்டு உள்ளே விடுங்கள்

இதற்குத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். அமைதியான அறையில் கிடைக்கும் தொடர்ச்சியான கவனம் வெளியே யாருக்கும் கிடைப்பதில்லை. பின்லாந்தின் ஹெல்சின்கியில் அன்டி ஔலாஸ்விர்டாவும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நடந்துகொண்டும் வண்டிகளில் பயணம் செய்துகொண்டும் கைபேசி பார்ப்பவர்களின் கண் அசைவைக் கவனித்தார்கள். ஆய்வகத்தில் ஒரே தொடர்ச்சியாகப் பதினாறு வினாடி வரை திரையில் நிலைத்த கவனம், பரபரப்பான தெருவில் நான்கு வினாடி அளவுக்குச் சுருங்கியது. நான்கு வினாடிக்குள் என்ன படிக்க முடியும் என்று உங்கள் செயலியின் ஒவ்வொரு பக்கத்தையும் வைத்து யோசித்துப் பாருங்கள்.

களத்தில் குறுக்கீடு தானாகவே வரும். நீங்கள் அதைத் தடுக்காமல் இருந்தால் போதும். வாடிக்கையாளர் வந்ததும் நம்மவர்கள் மரியாதைக்காகச் சோதனையை நிறுத்திவிட்டு, அவர் போனதும் "விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்" என்று எந்தப் பக்கம் என்பதையும் நினைவூட்டிவிடுகிறார்கள். அந்த நினைவூட்டல் சோதனையைக் கெடுத்துவிடும். ஒன்றும் சொல்லாமல் நின்று, அவர் தானாக எப்படித் திரும்பி வருகிறார், எங்கே இருந்தோம் என்பதைத் திரை அவருக்குச் சொல்கிறதா என்று பாருங்கள்.

அறையில் நடத்துவதானால் குறுக்கீட்டை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பொருளைச் சேர்த்ததும் உங்கள் குழுவில் ஒருவர் வாடிக்கையாளராக வந்து கணக்குக் கேட்கட்டும்: அரை கிலோ வெல்லம், கால் கிலோ பாசிப்பயறு, நூறு கிராம் மிளகு, மொத்தம் எவ்வளவு? மனக்கணக்குப் போட வைக்கும் குறுக்கீடுதான் நினைவை உண்மையிலேயே கலைக்கும். வெறுமனே "ஒரு நிமிடம் பொறுங்கள்" என்றால் மனம் திரையிலேயே நிற்கும். குறுக்கீடு திரை பூட்டும் நேரத்தைவிட நீளமாக இருக்கட்டும். எல்லாப் பயனருக்கும் ஒரே இடத்தில், ஒரே வகையில் குறுக்கிடுங்கள். அப்போதுதான் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட முடியும்.

தவறுகளையும் இதே வகையில் உள்ளே வைக்கலாம். ஓ.டி.பி. நாற்பது வினாடி தாமதமாக வரட்டும், கேட்ட சரக்கு இருப்பில் இல்லை என்று வரட்டும், மொத்த வியாபாரியிடமிருந்து பாதிச் சரக்கு மட்டும் வரட்டும். எல்லாம் சரியாக நடக்கும் வழியை மட்டும் சோதிப்பவர்களே அதிகம். பயனர் செயலியைக் கைவிடுவது பெரும்பாலும் ஏதோ ஒன்று சரியாக நடக்காத அந்த வழியில்தான்.

படி 7: மரியாதைக்காகச் சொல்லப்படும் பாராட்டைத் தாண்டிப் போங்கள்

நம் ஊரில் வீடு தேடி வந்தவர் மனம் நோகும்படி யாரும் பேசமாட்டார்கள். நீங்கள் சட்டை மடிப்புக் கலையாமல், அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, மடிக்கணினியோடு போய் நின்றால், "நல்லா இருக்குங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது. செயலியை உருவாக்கியது நீங்கள் அல்ல என்பதை முதலிலேயே, உண்மையாக இருந்தால் மட்டும், சொல்லிவிடுங்கள். அதைவிடப் பயன்தரும் வழி, கருத்துக் கேட்பதைக் குறைத்துச் செயலைப் பார்ப்பது. அவர் பெருமூச்சு விட்ட இடம், பின்னோக்கிப் போன இடம், மகனைக் கூப்பிட்ட இடம் ஆகியவை பொய் சொல்வதில்லை. மகனைக் கூப்பிட்டுச் செய்து முடித்தால் அதை வெற்றி என்று எழுதாதீர்கள். "உதவியோடு முடிந்தது" என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லும் முறையை 1982-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் இத்துறைக்குக் கொண்டுவந்தார். அறையில் அது இன்றும் பயன்தரும் முறைதான். ஆனால் கடையில், வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு கைபேசியை இயக்குவது இயல்புக்கு முற்றிலும் புறம்பானது. கூச்சம் வேறு வந்துவிடும். அங்கே வாய் திறக்காமல் பார்த்துவிட்டு, கூட்டம் குறைந்ததும் பதிவு செய்த காணொளியை அவரோடு சேர்ந்து ஓடவிட்டு, "இந்த இடத்துல ஏன் நின்னுட்டீங்க அண்ணாச்சி?" என்று கேளுங்கள். இன்னொரு வழியும் உண்டு: அப்பாவையும் மகனையும், அல்லது கடை நடத்தும் கணவன் மனைவியையும் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் பேச்சில் நமக்கு வேண்டியதெல்லாம் தானாக வந்துவிடும். "அதை ஏன் அமுக்குறீங்க, அது கேன்சல்" என்று ஒரு மகன் அப்பாவிடம் சொன்ன ஒரு வரி, எங்கள் இரண்டு பொத்தான்களின் இடத்தை மாற்றிப் போட வைத்தது.

படி 8: முதல் நாளோடு நிறுத்தாதீர்கள்

ஒரு மணி நேரச் சோதனை, ஒருவர் முதன்முறை பார்க்கும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டுமே காட்டும். மூன்றாம் வாரத்தில் வரும் சலிப்பு, கடவுச்சொல் மறப்பு, செயலி புதுப்பிப்பு வந்ததும் எல்லாம் இடம் மாறிய குழப்பம் ஆகியவற்றைப் பார்க்க, குறைந்தது இரண்டு வாரம் தொடர்பில் இருக்க வேண்டும். நாட்குறிப்பு எழுதச் சொன்னால் எழுதமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். கடை சாத்தியபின் அரை நிமிடம் பேசுவது யாருக்கும் பாரமில்லை. "இன்னைக்குச் சரக்கு எப்படிச் சொன்னீங்க, செயலியிலயா, போன்லயா? ஏன்?" என்ற ஒரே கேள்வி போதும். போனில் சொன்ன நாட்களே நமக்கு அதிகம் கற்றுத் தருபவை.

படி 9: அளவும் அனுமதியும்

களத்தில் பணி முடிய எடுத்த நேரத்தை அறையில் எடுத்த நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். குறுக்கீட்டு நேரம் அதில் கலந்திருக்கும். அதற்குப் பதிலாக, குறுக்கீட்டுக்குப் பின் மீண்டும் வேலையைத் தொடர எத்தனை தொடுதல் ஆயிற்று, எத்தனை முறை தொடக்கத்திலிருந்து செய்ய நேர்ந்தது, கடைசியில் வந்த சரக்கு நினைத்த சரக்குதானா என்பவற்றை எண்ணுங்கள். ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய, ஒன்றைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று பயனரிடமே மதிப்பெண் கேட்கும், பத்துக் கூற்றுகள் கொண்ட எஸ்.யூ.எஸ். வினாத்தாளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன் சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 68 என்று கொள்வது வழக்கம். அதைச் சோதனை முடிந்த உடனே கொடுக்காமல், இரண்டு வாரப் பயன்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். தமிழில் கொடுப்பதானால் எதிர்மறைக் கூற்றுகளை வாய்மொழியாகப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்ற பதிலே வரும்.

உண்மைச் சூழலுக்கு நெருங்க நெருங்க, மனிதருடைய சொந்த வாழ்க்கைக்குள் நாம் நுழைகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. அவருடைய கைபேசித் திரையைப் பதிவு செய்யும்போது வீட்டிலிருந்து வரும் செய்தியும் வங்கி இருப்பும் அதில் பதிவாகும். எனவே திரையைப் பதிவு செய்வதைவிட, அவர் சம்மதித்தால், தோளுக்குப் பின்னிருந்து கைகளை மட்டும் படம் எடுப்பதை விரும்புகிறேன், யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடும்போது படக்கருவியைக் கீழே திருப்பிவிட வேண்டும், அதை அவர் பார்க்கும்படி செய்ய வேண்டும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தன்விருப்பமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் விவரம் அறிந்து தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் பெறும் உரிமையையும் தருகிறது, தமிழ் அவற்றில் ஒன்று. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் கையெழுத்து வாங்குவதை நம் துறையினர் இனியாவது நிறுத்த வேண்டும். கடையில் நிற்கும் வாடிக்கையாளர்கள் யாரும் சம்மதம் தந்தவர்கள் அல்லர். அவர்கள் முகமோ குரலோ பதிவில் இருந்தால் அன்றே நீக்கிவிடுங்கள். சோதனைக்காக வாங்கிய சரக்கில் தவறு நேர்ந்து கூடுதல் பணம் போய்விட்டால், அது உங்கள் செலவு.

படி 10: திருத்திய பிறகு, அதே கடைக்கு, அதே நேரத்தில்

கண்டறிந்த ஒவ்வொரு சிக்கலுக்கும் எதிரே அது எந்தச் சூழலில் தோன்றியது என்பதை எழுதி வையுங்கள். "பட்டியல் அழிகிறது" என்று மட்டும் எழுதினால், நிரல் எழுதுபவர் தன் மேசையில் சோதித்துப் பார்த்து "என்னிடம் சரியாக இருக்கிறதே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். "இரண்டு ஜி.பி. நினைவகக் கைபேசி, மின்கலச் சேமிப்பு முறை, ஒரு நிமிடக் குறுக்கீடு, திரை பூட்டிய பிறகு பட்டியல் அழிகிறது" என்று எழுதினால் அவரால் அதை மீண்டும் உருவாக்கிப் பார்க்க முடியும். சிக்கலைச் சரிசெய்ததாக அவர் சொன்னதும், அதே நிபந்தனைகளோடு மறுபடி சோதியுங்கள்.

எங்கள் செயலியில் பட்டியல் ஒவ்வொரு தொடுதலுக்கும் தானாகச் சேமிக்கும்படி மாற்றப்பட்டது; அளவுப் பெட்டியில் சிப்பமும் டின்னும் சரமும் வந்தன; போன வார விலை பக்கத்திலேயே சிறிய எழுத்தில் வந்தது. மாற்றிய செயலியோடு அந்தக் கடைக்கு மறுபடி போனேன், மாலை ஆறரை மணிக்கே. அவர் மூன்று பொருளைச் சேர்த்திருந்தபோது ஒரு பெரியவர் வந்து வெற்றிலை பாக்குக் கேட்டார், பேச்சு ஐந்து நிமிடம் நீண்டது. அவர் போன பிறகு அண்ணாச்சி கைபேசியைத் திறந்தார், மூன்று பொருளும் அங்கேயே இருந்தன, நான்காவதைச் சேர்த்தார். சிட்டை கல்லாப் பெட்டியின் மேலேயே கிடந்தது. ஆனால் விலைக்குக் கீழே இருந்த சிறிய எழுத்தைப் படிக்க அவர் கைபேசியை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். குறிப்பேட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டேன்.